வேப்பமரத்தில் தொங்கிய சொட்டு மருந்து

ஆண்டியப்பனுக்கு இருந்ததே ஒரு கண். இடது கண்ணை ஐந்து வயதில் பெரியம்மை கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணை வைத்துக்கொண்டு கல்யாணம் முடித்தார், வீடு கட்டிக் கூரை போட்டார், சமஸ்தானத்து ரோட்டில் கூலியாகச் சேர்ந்தார். சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்தபோது ரோடு கைமாறியது, ரோட்டோடு சேர்ந்து அவரும் கைமாறினார். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போகிற சாலையில், கீரனூருக்குத் தெற்கே ஒரு துண்டு அவர் பொறுப்பு. மழைக்கு விழுந்த குழிகளில் கிராவலைக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து மட்டம் செய்வார். ஓரத்துப் புளியங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். லாரியில் அடிபட்ட நாயை இழுத்துப் போடுவதும் அவர்தான்.

ஊரில் அவருக்கு ஒத்தைக்கண் ஆண்டி என்று பெயர். அதற்கெல்லாம் அவர் முகம் சுளித்ததில்லை. "ரெண்டு கண்ணு இருக்கவன் பாத்துக் கிழிச்சதை நானும் பாத்துட்டுத்தான்யா இருக்கேன்" என்று சிரித்துவிட்டுப் போவார்.

அந்த ஒரு கண்ணிலும் புரை விழுந்தது. நாற்பத்தைந்து தாண்டிய வயது. முதலில் அடுப்புப் புகை என்று நினைத்தார், பிறகு ரோட்டுப் புழுதி என்று நினைத்தார். கடைசியில் நினைப்பதை விட்டுவிட்டு மறைக்க ஆரம்பித்தார். பஸ் வருவதைச் சத்தத்தில் தெரிந்துகொள்வார், குழியைக் காலால் தடவிக் கண்டுபிடிப்பார். இப்படியே கொஞ்ச காலம் ஓட்டிவிட்டார். ஒருநாள் குழியே இல்லாத சமதரையில், நடுரோட்டில், கூடை கூடையாகக் கிராவலைக் கொட்டிக் குவித்து வைத்துவிட்டார். திருச்சி பஸ் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் இறங்கி வந்து அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினான். அன்றைக்குச் சாயங்காலம் மேஸ்திரி தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஆண்டி, கண்ணைச் சரி பண்ணிட்டு வா. இல்லேன்னா ஒன் துண்டை வேற ஆளுக்குக் கொடுக்கச் சொல்லி மேல இருந்து வந்துரும்."

வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவருடைய ஏக்கம் வேறு. நெடுங்காலம் குழந்தை இல்லாமல் இருந்து, கோயில் கோயிலாக அலைந்து, அவருக்கும் காத்தாயிக்கும் பிறந்த ஒரே பெண் செவந்தி. அவள் தவழத் தொடங்கியபோது கண்ணில் மங்கல் தொடங்கியது. அவள் வளர வளர அதுவும் வளர்ந்தது. ஆறு வயதுப் பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்று பெற்ற தகப்பனுக்குத் தெரியாது. கொலுசுச் சத்தமும், தலையில் தேய்த்த வேப்பெண்ணெய் வாடையும், பேசும்போது வார்த்தைக்கு நடுவே காற்றுப் போகிற அந்தக் குரலும்தான் அவருக்குச் செவந்தி.

ஐம்பத்தொன்பதாம் வருஷக் கோடையில், பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த சமயம், கீரனூர்ப் பள்ளிக்கூடத்தில் கண் ஆபரேஷன் முகாம் போட்டார்கள். திருச்சியிலிருந்து டாக்டர் வந்திருந்தார். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தரையில் வைக்கோல் பரப்பிப் பாய் விரித்து, வரிசையாக ஆட்களைப் படுக்க வைத்தார்கள். புரையை எடுத்த பிறகு, அசையக்கூடாது என்று தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்தார்கள். தும்மக்கூடாது, இருமக்கூடாது, பக்கத்துப் பாய்க்காரன் கதை சொன்னால் சிரிக்கவும் கூடாது. ஆண்டியப்பன் கட்டையாகக் கிடந்தார். காத்தாயி கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள்.

கட்டுப் பிரித்த அன்று எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது. ஏமாந்துபோனார். டாக்டர் சிரித்தார். "கண்ணுக்குள்ள இருந்த வில்லையை எடுத்தாச்சுய்யா. இனி அதுக்குப் பதிலா மூக்குல ஒரு வில்லையை மாட்டணும். புண் ஆறட்டும், கனமான கண்ணாடி வரும். இப்பச் சும்மா பாரு." சொல்லிக்கொண்டே பெட்டியிலிருந்து தடித்த கண்ணாடி வில்லை ஒன்றை எடுத்து அந்தக் கண்ணுக்கு முன்னால் பிடித்தார்.

எதிரே ஒரு சிறு பெண் நின்றாள். முன்பல் இரண்டு விழுந்த வாய். மூக்குநுனியில் சளி காய்ந்திருந்தது. இடது கன்னத்தில் ஒரு சின்ன மச்சம். கல்யாண வீட்டுக்கு வந்தவள் போலக் கண்ணை விரித்துக்கொண்டு அவரையே பார்த்தாள், பிறகு சிரித்தாள். காற்றுப் போகிற குரலுக்குக் காரணம் அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பல்லு எங்கடி தாயி?" என்றார்.

"கூரை மேல போட்டாச்சுப்பா."

அழக்கூடாது, கண் கெட்டுவிடும் என்று டாக்டர் அதட்டினார். ஆண்டியப்பன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். அடுத்த ஆள் காத்திருந்ததால் வில்லை பெட்டிக்குள் போனது.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியைக் கொடுத்தார்கள். உள்ளே பால் போல வெள்ளையாக ஒரு மருந்து. கம்பவுண்டர் ஆத்மநாதன் ஆவுடையார்கோவில் பக்கத்துக்காரர், பொறுமைசாலி. காத்தாயியை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். "கத்தி பட்ட கண்ணும்மா இது. கத்தி பட்டா வீங்கத்தான் செய்யும். வெளிய வீங்கினா நமக்குத் தெரியும், இது உள்ளுக்குள்ள வீங்கும். வீங்கினா கண்மணி அப்படியே ஒட்டிக்கிட்டு மூடிக்கும், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் தொறக்க முடியாது. அந்த வீக்கத்தை அமுக்குறதுக்குத்தான் இந்தச் சொட்டு. புதுசா வந்திருக்கு, சீமையிலேருந்து வருது. நல்லாக் குலுக்கிட்டு, காலையில, உச்சியில, பொழுது சாய, படுக்கப் போகயில, ஒரு வேளை தப்பாம விடணும். நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. ஆபரேஷன் பாதின்னா சொட்டுதான் மீதிப் பாதி."

காத்தாயி தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் புட்டியை மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில், சாமி சாமானைப் போல வைத்தாள். வேளை தவறாமல் குலுக்கினாள், இமையை இழுத்துப் பிடித்தாள், விட்டாள். சிவந்திருந்த கண் நாளுக்கு நாள் வெளுத்தது. உறுத்தல் குறைந்தது. செவந்தி தினமும் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து, "இப்பத் தெரியுதாப்பா? இப்ப?" என்று கேட்டாள். "கண்ணாடி வரட்டும் தாயி" என்பார்.

கண்ணாடி வருவதற்குள் ஆத்தா வந்துவிட்டாள்.

செவந்திக்கு முதலில் காய்ச்சல் அடித்தது. இரண்டு நாளில் நெற்றியில் முத்து முத்தாகக் கிளம்பியது. பார்த்த உடனே காத்தாயிக்குப் புரிந்துவிட்டது. பெரியம்மை. அந்தப் பக்கத்தில் அதை வியாதி என்று யாரும் சொல்வதில்லை, ஆத்தா வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் சொல்வது. வந்தவள் கோபப்படாமல், போகும்போது உயிரையும் உறுப்பையும் எடுத்துக்கொள்ளாமல் போக வேண்டும், அதுதான் அவர்களுக்குக் கவலை. வாசலில் வேப்பிலை செருகினார்கள். அடுப்பில் தாளிப்பு நின்றது. வெளியாள் உள்ளே வரக்கூடாது. முக்கியமாக, வீட்டுக்குள் மருந்து புழங்கக்கூடாது. படுத்திருப்பவளுக்கு மட்டுமல்ல, வீட்டில் யாருக்குமே கூடாது. ஆத்தா இருக்கிற வீட்டில் மருந்தை எடுப்பது அவளை வெளியே போ என்று சொல்வதற்குச் சமம். முத்து உதிர்ந்து, தலைக்கு மூன்றாவது தண்ணீர் ஊற்றி அவளை வழியனுப்புகிற வரை இதுதான் கட்டுப்பாடு.

மாடத்தில் இருந்த புட்டியைப் பார்த்துக் காத்தாயி கையைப் பிசைந்தாள். அம்மன் கோயில் பூசாரி வீரய்யாவை வாசலுக்கு அழைத்துக் கேட்டார்கள். வீரய்யா கெட்டவர் இல்லை. தன் பிள்ளைகள் இரண்டைப் பெரியம்மைக்குக் கொடுத்தவர். வேப்பிலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே சொன்னார்: "ஆண்டி, நான் ஒனக்கு என்னத்தச் சொல்ல? ஒன் எடக்கண்ணை எடுத்தது யாருன்னு ஒனக்குத் தெரியாதா? ஒங்க அப்பன் பச்சிலைக்காரனைக் கூட்டியாந்து காட்டுனதை நாங்கள்லாம் பாத்தோமேப்பா."

அது உண்மை. ஆண்டியப்பன் ஐந்து வயதுப் பையனாக அம்மையில் கிடந்தபோது, அவருடைய அப்பன் பொறுக்காமல் வைத்தியனைக் கூட்டிவந்து மருந்து கொடுத்திருந்தான். கண் போனது அதனால்தான் என்று ஊர் நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டுக் கேட்டு அவருக்கு அது தன் பெயரைப் போலப் பழகிவிட்டது. அவரிடம் போய், அது அப்படியில்லை என்று யார் சொல்வது?

காத்தாயி ஒரு வழி கண்டுபிடித்தாள். "நீங்க ரோட்டுக் கொட்டகையில போய் இருங்க. சொட்டையும் அங்கிட்டே வச்சு விட்டுக்கங்க. இங்கிட்டு நான் பாத்துக்கிறேன்." தார் டின்னும் மண்வெட்டியும் போட்டு வைக்கிற கொட்டகை அது. ஆண்டியப்பன் புட்டியை மடியில் கட்டிக்கொண்டு தடவிப் போனார். தானே அண்ணாந்து படுத்து, தானே விட்டுக்கொண்டார். பாதி கன்னத்தில் வழிந்தது, பாதி கண்ணில் போனது. மறுநாள் உச்சிவேளைச் சொட்டை விட்டுக்கொண்டு படுத்திருந்தபோது காத்தாயி சாலையிலிருந்தே கத்தினாள். செவந்திக்கு இமைமேல் எல்லாம் முத்து இறங்கிக் கண் இரண்டும் மூடிக்கொண்டது, பிதற்றுகிறாள், அப்பா அப்பா என்கிறாள்.

முத்து இமைக்குப் பரவ வேண்டிய நேரம் அது, பரவியது. சொட்டு விட்டாலும் விடாவிட்டாலும் பரவியிருக்கும். ஆனால் மருந்து ஈரம் கன்னத்தில் காயாமல் இருந்த மனுஷன் அந்தச் செய்தியை எப்படிக் கேட்டிருப்பார்? தான்தான் செய்தோம் என்று நினைத்தார். விழுந்து எழுந்து வீட்டுக்கு வந்தார். புட்டியை ஒரு கந்தலில் முடிந்து, வாசல் வேப்பமரத்தின் தாழ்ந்த கிளையில் கட்டினார். "தாயே, எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. வேணுமின்னா அதை எடுத்துக்க. அவளுக்கு ரெண்டையும் விட்டுரு" என்று சத்தமாகச் சொன்னார். தெருவே கேட்டது.

தூக்கி எறியாமல் ஏன் கட்டினார் என்றால், மூன்றாம் தண்ணீர் முடிந்ததும் எடுத்து விட்டுக்கொள்ளலாம் என்று ஓரத்தில் ஒரு ஆசை. அவரும் மனுஷன்தானே.

செவந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொழுந்தால் மேலெல்லாம் தடவிக்கொடுத்தார். அரிப்பில் அவள் கை முகத்துக்குப் போகும்போதெல்லாம் பிடித்துக்கொண்டார். இதற்கிடையில் அவர் கண் திரும்பவும் சிவக்கத் தொடங்கியது. வாசல் வெளிச்சம் பட்டால் முள் குத்துகிற வலி. பிறகு வெளிச்சமே இல்லாமலும் வலித்தது. நெற்றிப் பொட்டு வரை இழுத்தது. துண்டை மடித்துக் கண்ணில் கட்டிக்கொண்டார். காத்தாயி பார்த்தாள். யார் பக்கம் பேசுவாள் அவள்?

ஒருநாள் கம்பவுண்டர் ஆத்மநாதன் சைக்கிளில் வந்தார். ஆபரேஷன் ஆனவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவர் வழக்கம். வேப்பிலையைக் கண்டதும் தெருவிலேயே காலை ஊன்றி நின்றுவிட்டார்.

"ஆண்டியப்பா! கண்ணு எப்படி இருக்கு? சொட்டு விடுறியா?"

உள்ளேயிருந்து பதில் வந்தது. "விடுறேங்க."

"வேளை தப்பாம?"

"தப்பாம விடுறேங்க."

"செவப்பு, வலி ஏதும் உண்டா? கொஞ்சம் வெளிய வாயேன், ஒரு பார்வை பாத்துக்கிறேன்."

"ஆத்தா வந்திருக்காங்க. வெளிய வரக்கூடாது. வலியெல்லாம் இல்லீங்க, நல்லா இருக்கு."

ஆத்மநாதனின் தலைக்கு மேலே, கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில், அவர் கொடுத்த புட்டி கந்தலுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அது எப்படித் தெரியும்? "நிறுத்தாதே" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போனார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆண்டியப்பன் மேல்தான் ஆத்திரம் வருகிறது. அடப்பாவி மனுஷா, அந்த ஒரு பொய்யையாவது சொல்லாமல் இருந்திருக்கலாமே! ஆனால் உண்மையைச் சொன்னால் கம்பவுண்டர் உள்ளே வந்துவிடுவார், கையைப் பிடித்து இழுத்து மருந்து விட்டுவிடுவார் என்று பயந்தார். பெண்ணைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பொய் சொன்னவரை எப்படித் திட்டுவது என்றும் தெரியவில்லை.

முத்துக்கள் வற்றிக் கருகின. ஒரு காலையில் செவந்தியின் இமைகள் ஒட்டல் விட்டுப் பிரிந்தன. முதலில் ஒரு கண், பிறகு மற்றது. பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"அப்பா, ஒங்க கண்ணு ஏம்ப்பா இப்படிச் செவந்து கெடக்கு?"

காத்தாயி ஓவென்று அழுதாள். ஆண்டியப்பன் சிரித்தார். பெண்ணுக்குப் பார்வை இருக்கிறது, இரண்டிலும் இருக்கிறது. அந்த வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி என்று காத்தாயி பின்னாளில் சொன்னாள்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் புட்டியை அவிழ்த்தார்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் அத்தனை நாள் தொங்கிய மருந்து. வெள்ளையெல்லாம் அடியில் கட்டியாகிவிட்டது, மேலே மஞ்சள் தண்ணீர் நின்றது. காத்தாயி குலுக்கினாள், குலுக்கினாள், கை ஓயக் குலுக்கினாள். அது கலக்கவே இல்லை. அப்படியும் விட்டாள். எரிச்சல்தான் கண்ட பலன்.

பஸ் ஏறித் திருச்சிக்குப் போனார்கள். அதே டாக்டர் டார்ச் லைட்டை அடித்து இமையைத் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "எல்லாம் ஒட்டிப்போச்சு. கண்ணு உள்ளேயே சுருங்க ஆரம்பிச்சிருச்சு" என்றார். "சொட்டை எத்தனை நாள்யா நிறுத்தின?"

காத்தாயிதான் சொன்னாள். ஆத்தா வந்தது, புட்டியை மரத்தில் கட்டியது, எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டருக்கு முகம் சிவந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. "ஒம் பொண்ணுக்கு வந்த அம்மைக்கும் ஒன் கண்ணுல விட்ட சொட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்? நீ விட்டிருந்தாலும் அவ பொழச்சிருப்பா. ரெண்டு பேரும் நல்லா இருந்திருப்பீங்களே!"

ஆண்டியப்பன் கும்பிட்டுவிட்டு எழுந்தார். பஸ்ஸில் வரும்போது, "அந்த ஆளுக்கு என்ன தெரியும், சின்ன வயசு" என்று காத்தாயியிடம் சொன்னார். வேறென்ன சொல்வார்? டாக்டர் சொன்னது சரியென்று ஏற்றுக்கொண்டால் கண் வீணாகப் போனது என்று ஆகிவிடும். ஆத்தா கேட்டாள், கொடுத்தேன், பெண்ணை விட்டுவிட்டாள் என்றால் இருட்டில் உட்கார்ந்திருப்பதற்கு ஒரு காரணமாவது இருக்கும். அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஊரும் அதைத்தான் பிடித்துக்கொண்டது. ஒத்தைக்கண் ஆண்டி போய், ஆத்தாவுக்குக் கண்ணைக் கொடுத்த ஆண்டியானார். பங்குனியில் நார்த்தாமலைக்குக் கூட்டிப்போய், செவந்தி கண் தப்பியதற்காக வெள்ளிக் கண்மலர் இரண்டை அவர் கையாலேயே அம்மன் காலடியில் வைக்கச் சொன்னார்கள். வழிவிடுங்கப்பா என்று கூட்டத்தை விலக்கினார்கள். புகழ்ந்தவர்களில் ஒருவராவது அடுத்த நாள் வந்து ஒரு குடம் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்களா என்று கேட்டால், இல்லை. ரோட்டு வேலை கைவிட்டுப் போனது. காத்தாயி களை எடுக்கப் போனாள். அவர் வாசலில் உட்கார்ந்து கடலை உரித்தார்.

செவந்திக்கு முகம் முழுவதும் தழும்பு. அது அவருக்குத் தெரியும், ஆனால் தொட்டுப் பார்த்ததில்லை. மறந்தும் அவள் கன்னத்தில் கை வைக்கமாட்டார். தலையைத் தடவுவார், அதோடு சரி. வில்லை வழியே பார்த்த முகத்தைக் கலைத்துவிடக் கூடாது என்று அவருக்கு ஒரு எண்ணம்.

ஆனால் அந்தப் பெண் பட்ட பாட்டை அவர் வெகுநாள் அறியவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும், "ஒனக்காகத்தான்டி ஒங்கப்பன் கண்ணைக் கொடுத்தான், மறந்துராத" என்பார்கள். தட்டில் சோறு மிச்சம் வைத்தால் அதைச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் யாரையாவது எதிர்த்துப் பேசினால் அதைச் சொல்வார்கள். சிரிக்கும்போதுகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பெண்ணாக வளர்ந்தாள்.

அவளுக்குப் பதினாலு வயதானபோது பள்ளிக்கூடத்துக்கு அம்மை குத்துகிறவர் வந்தார். பெரியம்மை கிருமியால் வருகிறது, சாமி கோபத்தால் அல்ல, அது வந்த வீட்டில் மற்றவர்கள் மருந்து எடுத்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்று படம் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். செவந்தி அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பையைக் கீழே வைக்காமலே அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு தாயி."

"அப்ப நீங்க சொட்டு விட்டிருந்தாலும் நான் பொழச்சிருப்பேனா?"

ஆண்டியப்பனின் கையில் உடைத்த கடலை அப்படியே நின்றது. எட்டு வருஷமாக அவர் தன்னிடமே கேட்காமல் தள்ளி வைத்திருந்த கேள்வி அது. இல்லை தாயி, ஆத்தா ஒன்னைக் கொண்டுபோயிருப்பா என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவர் கண்ணுக்கு ஒரு அர்த்தம் இருக்கும். ஆனால் பெண்ணின் மூச்சு அவருக்குக் கேட்டது. அழுகையை அடக்குகிறவள் மூச்சு. அந்த அர்த்தத்தை இத்தனை நாளும் சுமந்தது யார் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"பொழச்சிருப்ப தாயி" என்றார். "டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. நாந்தான் ஒப்புக்கல. இந்தக் கண்ணு ஒனக்காகப் போகல. என் பயத்துல போச்சு. சும்மா போச்சு. இனி எவனாவது ஒனக்காகன்னு சொன்னா, எங்கப்பன் அப்படிச் சொல்லலன்னு அவன் மூஞ்சிக்கு நேராச் சொல்லு."

அதைக் கேட்டுச் செவந்தியின் முகம் எப்படி ஆனது என்று பார்க்க அவரால் முடியாது. அவருக்குத் தெரிந்த முகத்தில் முன்பல் இரண்டு விழுந்திருந்தது, அது சிரித்துக்கொண்டிருந்தது.